நுரை அடைத்த படகு மூழ்காது என்கிறார்கள். நம்பலாமா?

14 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே நுரை அடைத்திருக்கிறது, தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பின்பக்கத்தில் இருந்த கொள்ளளவுத் தகட்டில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போக எண்ணம். எத்தனை பேர் ஏறலாம், நுரை இருக்கும்போது எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் உங்கள் மனசில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒருநாள் அந்தப் படகில் விளிம்பு வரை தண்ணீர் ஏறிவிட்டால், பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

சின்னப் படகுகளைக் கட்டுவதிலும், பிறகு கட்டி முடித்தவற்றைத் தண்ணீரில் அமுக்கிச் சோதிப்பதிலும் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். உங்கள் படகை நான் பார்க்கவில்லை. அதனால் அதற்குள் எவ்வளவு நுரை இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்ல முடியாது. அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்ல முடியும்.

முதலில், "மூழ்காது" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1971-ல் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளுக்கு மிதப்பு விதிகள் 1972 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தன. அப்போது கேட்டது அடிப்படை மிதப்பு மட்டும்தான். படகு முழுக்கத் தண்ணீரில் அமுங்கி 18 மணி நேரம் கிடந்த பிறகும் அதன் ஏதாவது ஒரு பகுதி நீருக்கு மேலே தெரிய வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பகுதி என்று விதி கேட்கவில்லை. மோட்டாரின் கனத்தில் பின்பக்கம் கீழே போய், முன்முனை மட்டும் இரண்டு அடி செங்குத்தாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் படகு தேறிவிடும். காகிதத்தில் அதுவும் "மூழ்காத படகு"தான். ஆனால் வழுவழுப்பான அந்த முனையை நான்கு பேர் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? ஈரமான ஃபைபரில் விரல் நிற்காது. உடம்பு முழுக்கத் தண்ணீரில் இருந்தால் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாக உடல் சூடு போய்விடும். கை மரத்துப்போனால் பிடி தானாகவே விட்டுவிடும்.

இந்தக் குறை தெரிந்துதான் 1978 ஆகஸ்டிலிருந்து அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்னால் வெளியே தொங்கும் மோட்டார் வைத்த படகுகளுக்குச் சமநிலை மிதப்பு வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். தண்ணீர் நிரம்பிய பிறகும் படகு ஏறக்குறைய மட்டமாக, நிமிர்ந்தே நிற்க வேண்டும், ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்க முடிய வேண்டும் என்பதுதான் இதன் சாரம். சோதனையில் படகு 10 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. முன்முனையோ பின்முனையோ ஒன்று நீருக்கு மேலே இருக்க வேண்டும், மற்ற முனை 6 அங்குலத்துக்கு மேல் அமுங்கக்கூடாது. அப்புறம் எடையை ஒரே பக்கமாக வைத்துப் பார்ப்பார்கள். அப்போதுகூட 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. 2 குதிரைசக்திக்கு மேல் மோட்டார் எடுக்கும் படகுகளுக்கு இது முழுமையாகப் பொருந்தும். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் துடுப்புப் படகுகளுக்கும் சற்றுத் தளர்ந்த விதி. இன்ஜின் உள்ளேயே இருக்கும் இன்போர்டு படகுகளுக்கு இன்னமும் அடிப்படை மிதப்பு போதும். பாய்மரப் படகு, கனூ, கயாக், காற்றடைத்த படகு இவையெல்லாம் இந்த விதிகளுக்கு வெளியே இருக்கின்றன.

ஐரோப்பாவில் வழி கொஞ்சம் வேறு. அங்கே 2.5 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரையுள்ள பொழுதுபோக்குப் படகுகளுக்கு 2013/53 என்ற எண்ணுள்ள உத்தரவு இருக்கிறது. காற்றையும் அலையையும் வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். சி என்றால், காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 வரை காற்று, 2 மீட்டர் வரை அலை. டி என்றால் காற்று 4 வரை, அலை 30 சென்டிமீட்டர், எப்போதாவது அரை மீட்டர். 6 மீட்டருக்குக் குறைவான படகு, தன் வகைக்குரிய நீரில் ஓடும்போது தண்ணீர் நிரம்ப வாய்ப்புள்ளதாக இருந்தால், நிரம்பிய நிலையிலும் மிதக்க ஏற்பாடு கட்டாயம். அந்த அளவுள்ள படகுகளை எப்படிச் சோதிப்பது என்பதை ஐஎஸ்ஓ 12217 என்ற சர்வதேசத் தரத்தின் மூன்றாம் பாகம் சொல்கிறது.

ஆக, உங்கள் படகு எந்த ஆண்டில் செய்தது என்பது முக்கியமான தகவல். தகடு அழிந்திருந்தாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். மோட்டார் மாட்டும் பின்பலகையின் வெளிப்பக்கம், வலது மேல்மூலையில் படகின் அடையாள எண் பதிந்திருக்கும். பெயிண்டுக்கு அடியில் மறைந்திருந்தால், பென்சிலைச் சாய்த்து ஒரு காகிதத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள், எழுத்து எழும்பி வரும். அமெரிக்க எண் என்றால் 12 இடங்கள். முதல் மூன்று எழுத்துகள் செய்தவரைக் குறிக்கும். 1984-க்குப் பிந்தைய படகுகளில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. ஐரோப்பிய எண்ணில் முன்னால் நாட்டுக் குறியீடு சேர்ந்து 14 இடங்கள் இருக்கும். எண்ணே இல்லையென்றால், படகு மிகப் பழையது, அல்லது யாரோ தனியாகக் கட்டியது என்று வைத்துக்கொண்டு, எந்த விதிக்கும் உட்படாத படகாகவே அதை நடத்துங்கள்.

இனி நுரைக் கணக்கு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி அப்படியே நிற்கிறது. ஒரு லிட்டர் நுரை ஒரு லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. படகில் ஊற்றும் பாலியூரித்தேன் நுரை கன மீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோ இருக்கும். அதாவது ஒரு லிட்டர் 32 கிராம். அந்த எடை போக ஒவ்வொரு லிட்டரும் சுமார் 970 கிராமைத் தாங்கும். எதைத் தாங்க வேண்டும்? எல்லோரும் படகின் முழு எடையையும் போட்டுப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். நீருக்குள் போன பொருள் தன் எடையில் ஒரு பங்கை இழந்துவிடுகிறதே. ஃபைபர் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி, அதனால் நீருக்குள் அதன் கனம் மூன்றில் ஒரு பங்குதான். அலுமினியம் என்றால் 63 சதவீதம் மிஞ்சும், இரும்பு 87 சதவீதம். மரம் நேர்மாறு, அதுவே மிதந்து நமக்கு உதவும்.

உங்கள் அளவுள்ள படகுக்கு ஒரு கணக்கு போடுகிறேன். ஃபைபர் உடல் 180 கிலோ என்றால் நீருக்குள் 60 கிலோ. மோட்டார் 75 கிலோ. அதன் தலைப்பகுதி நீருக்கு மேலேயே நிற்க வேண்டும் என்பதால் முழு எடையையும் எடுத்துக்கொள்கிறேன். பேட்டரியும் இரும்புச் சாமான்களும் 20 கிலோ. ஆட்கள் நால்வர், மொத்தம் 300 கிலோ என்று வையுங்கள். சமநிலை மிதப்புக்கு அமெரிக்க விதி முதல் 250 கிலோவில் பாதியையும், மீதியில் எட்டில் ஒரு பங்கையும் எடுக்கச் சொல்கிறது. 125-உம் 6-உம் சேர்த்து 131. ஆக மொத்தம் 286 கிலோ. அதைத் தாங்க ஏறத்தாழ 295 லிட்டர் நுரை வேண்டும். 20 லிட்டர் கேன் பதினைந்தை மனசில் அடுக்கிப் பாருங்கள். அவ்வளவு இடம் உங்கள் படகின் பெஞ்சுகளுக்குள்ளும் பக்கச் சுவர்களுக்குள்ளும் இருக்கிறதா? டேப்பை எடுத்து அளந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடிப்படை மிதப்பு மட்டும் என்றால் ஆட்களின் எடையில் 15-ல் 2 பங்கு போதும், அதாவது 40 கிலோ. அந்த 131-க்கும் 40-க்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் படகுக்குள் உட்கார்ந்திருப்பதற்கும் வெளியே தொங்கிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அளவு சரியாக இருந்தாலும் இடம் தவறினால் எல்லாம் போச்சு. இதை நான் பாடமாகக் கற்றது ஒரு சோதனைத் தொட்டியில். உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிய படகு. நுரை தாராளமாக இருந்தது, ஆனால் மொத்தத்தையும் தரைத்தளத்துக்கு அடியில் ஊற்றியிருந்தோம், அங்கேதான் இடம் சும்மா கிடந்தது என்பதால். படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானைக் கழற்றினோம். தண்ணீர் மெதுவாக ஏறியது. விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரும்வரை படகு அசையாமல் நின்றது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு பக்கமாகப் புரண்டு அடிப்பாகத்தை மேலே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே வைத்திருந்த இரும்பு எடைகள் தொட்டியின் அடியில் உருண்டன. இருபது நொடிகூட ஆகியிருக்காது. அந்த எடைகளின் இடத்தில் ஆட்கள் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

காரணம் எளிது. நுரை எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரப் பார்க்கும். காலி டப்பாவைத் தண்ணீருக்குள் அமுக்கினால் கை வழுக்கி மேலே துள்ளுவதைப்போல. கனமெல்லாம் மேலேயும் மிதப்பெல்லாம் அடியிலேயும் இருந்தால் படகு தலைகீழாகத்தான் நிற்க விரும்பும். அதனால் நுரையின் பெரும்பகுதி உயரமான இடத்தில், பக்கச் சுவர்களை ஒட்டி, விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். மோட்டார் தொங்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நன்றாக இருக்க வேண்டும். மிச்சம் முன்முனையில். தரைக்கு அடியில் இருப்பது எடையைத் தாங்க உதவும், நிமிர்ந்து நிற்க உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 300 லிட்டர் நுரை கிட்டத்தட்ட 290 கிலோ விசையோடு மேல்நோக்கித் தள்ளும். பெஞ்சு நான்கு ரிவெட்டில் மட்டும் நின்றால் அது பிய்த்துக்கொண்டு வரும். வேறொரு சோதனையில் அப்படி ஒரு பெஞ்சு கழன்று நுரையோடு மிதந்து போவதையும், படகு கீழே போவதையும் பார்த்திருக்கிறேன். பெஞ்சைக் கையால் உலுக்கிப் பாருங்கள். அசைந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான்.

பழைய படகில் என் பெரிய சந்தேகம் நுரை இன்னும் நுரையாக இருக்கிறதா என்பதில்தான். மூடிய கண்ணறைகள், அதாவது ஒன்றோடொன்று சேராத குட்டிக் குமிழிகள் கொண்ட பாலியூரித்தேன் புதிதாக இருக்கும்போது தண்ணீரை ஏற்காது. ஆனால் வருடக்கணக்கில் ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, படகின் குலுக்கலில் நொறுங்கினால் கண்ணறைகள் உடைந்து தண்ணீர் புகும். புகுந்தது வெளியே வருவதில்லை. 300 லிட்டரில் பாதி ஊறிப்போனாலே படகுக்கு 150 கிலோ கூடிவிடும், மிதப்பும் அதே அளவு குறைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்பைவிடப் படகு தாழ்ந்து நிற்கிறது, டிரெய்லரில் ஏற்ற முன்பைவிடச் சிரமமாக இருக்கிறது என்பதுதான் முதல் அறிகுறி.

இதைச் சோதிக்க ஒரு வழி. பெஞ்சின் பக்கச் சுவரில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், 4 சென்டிமீட்டர் வட்டத் துளை போடுங்கள். ஊறிய நுரை அடியில்தான் முதலில் இருக்கும் என்பதால் மேலே போட்டுப் பயனில்லை. பின்னால் ஒயரோ பெட்ரோல் குழாயோ ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பெட்ரோல் வாடை இருந்தால் டிரில்லைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் நுரையை உருளையாக வெட்டி எடுத்துக் கட்டைவிரலால் அமுக்குங்கள். நல்ல நுரை வெளிர்மஞ்சளாக, மொறுமொறுவென்று இருக்கும், விரலில் காய்ந்த தூள் ஒட்டும். கெட்டுப்போனது பழுப்பாக, பஞ்சுபோல் நெகிழ்ந்து, அமுக்கினால் சொட்டும். சந்தேகமாக இருந்தால் எடை போடுங்கள். அந்த உருளை 8 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் கன அளவு சுமார் 100 மில்லி, எடை 3 கிராம் சொச்சம் இருக்க வேண்டும். 30 கிராம் காட்டினால் அந்த இடத்தில் கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். துளையை அப்புறம் திருகு மூடி போட்டு அடைத்துவிடுங்கள், அடுத்தடுத்த வருடங்களில் பார்க்கவும் உதவும்.

மாற்ற வேண்டி வந்தால் என்ன போடுவது என்றும் கேட்பீர்கள். வெள்ளையாக, மணிமணியாக இருக்கும் தெர்மகோல் வேண்டாம். பெட்ரோல் பட்டாலே கரைந்துவிடும். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனும் அதைக் கரைத்துவிடும், மேலே ஃபைபர் போர்த்தும்போதே உள்ளே குழி விழும். பெட்ரோல், எண்ணெய், சோப்புக் கரைசல் இவற்றில் ஊறிய பிறகும் நுரை தன் மிதப்பில் 5 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என் விருப்பம் பாலிஎத்திலீன் நுரைக் கட்டைகள். வெட்டி அடுக்கலாம், பெட்ரோலைத் தாங்கும், தேவைப்பட்டால் வெளியே எடுத்துக் காயவைக்கலாம். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் நுரை இண்டு இடுக்கையெல்லாம் நிரப்பும், உடலுக்கு விறைப்பும் தரும். ஆனால் ஊற்றிய சில நொடிகளில் முப்பது மடங்குவரை பொங்கும், சூடாகும். மூடிய அறைக்குள் ஒரேயடியாக ஊற்றினால் சுவரே புடைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், முகமூடியும் கையுறையும் கட்டாயம். அறையின் அடியில் தண்ணீர் வடிய ஒரு வழி விட்டுத்தான் ஊற்ற வேண்டும். அந்த வழியை அடைத்ததால் கெட்ட படகுகளே அதிகம்.

காலி பாட்டில்களை மூடி நிரப்பலாமா என்று பலர் கேட்பதுண்டு. கணக்குப்படி தவறில்லை, ஒரு பாட்டில் ஓட்டையானாலும் இழப்பு ஒரு லிட்டரோ இரண்டோதான். ஒரே பெரிய காற்றறையை நம்புவதைவிட இது மேல். விதியும் காற்றறைகளை அப்படியே நம்புவதில்லை, இரண்டு பெரிய அறைகளில் தண்ணீர் புகுந்தது என்று வைத்துத்தான் சோதிப்பார்கள். ஆனால் பாட்டில்களுக்கு இடையே வீணாகும் இடம் அதிகம், நம் படகில் இடம்தான் தட்டுப்பாடு. தற்காலிக ஏற்பாடாக ஒத்துக்கொள்வேன், அதுவும் பெஞ்சு உறுதியாக இருந்தால்.

சரி, எத்தனை பேர்? தகடு இல்லாத ஒற்றை உடல் படகுக்கு ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுப்பது. உங்கள் படகு 14 அடிக்கு ஐந்தரை அடி என்றால் 77, வகுத்தால் 5. இது அமைதியான தண்ணீருக்கு மட்டும், 20 அடிக்குக் குறைவான படகுக்கு மட்டும். தகட்டில் போடும் ஆள் எண்ணிக்கையில் ஒருவருக்கு ஏறத்தாழ 64 கிலோ என்றுதான் கணக்கு வருகிறது. வளர்ந்தவர்கள் பலர் அதைவிடக் கனமானவர்கள். மேலும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் போட்டிருந்தால் அதே சக்திக்கு 20, 30 கிலோ கூடியிருக்கலாம், அதுவும் பின்பலகையில், மிக மோசமான இடத்தில். அதனால் வாய்ப்பாடு 5 என்றாலும் நான் நான்கோடு நிறுத்துவேன். நீங்கள் குடும்பமாக நால்வர், சாமான்களைக் குறைத்துக்கொண்டால் போகலாம். உறவினர் ஒருவரைக் கூடவே ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம். நுரை இருப்பதைக் காரணம் காட்டி எடையைக் கூட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே ஆபத்தானது. நுரை படகு நிரம்பிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. நிரம்பாமல் காப்பது நீருக்கு மேல் நிற்கும் விளிம்பின் உயரம், அதை அதிக எடை தின்றுவிடும்.

நிரம்புவது எவ்வளவு சுலபம் என்பதும் பலருக்குத் தெரியாது. உங்கள் படகின் தரைப்பரப்பு சுமார் 4 சதுர மீட்டர் இருக்கும். அதில் கணுக்கால் அளவு, 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 400 கிலோ. அதாவது உங்கள் குடும்பத்தைவிடக் கனம். அந்தக் கனம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். பெரும்பாலும் தண்ணீர் வருவது பின்பக்கமாகத்தான். மோட்டாருக்காகப் பின்பலகையை வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். நங்கூரத்தை ஒருபோதும் பின்பக்கம் கட்டாதீர்கள். கயிறு பின்முனையைக் கீழே இழுக்கும்போது ஓர் அலை வந்தால் போதும், அடுத்த அலைக்குப் படகு எழாது. நங்கூரம் எப்போதும் முன்முனையில்தான்.

இப்போது லைஃப் ஜாக்கெட். போட்டே ஆக வேண்டும், நால்வரும், கரையிலேயே. சமநிலை மிதப்பு விதி முழுவதும் அமைதியான தண்ணீரில் சோதித்தது. அலையில், காற்றில், ஆட்கள் பதறி ஒரே பக்கம் ஓடும்போது படகு எப்படி நிற்கும் என்று அந்தச் சோதனை சொல்வதில்லை. அதோடு, தூக்கி எறியப்பட்டு வெளியே விழுந்தவருக்குப் படகு எவ்வளவு அழகாக மிதந்தாலும் பயனில்லை, அது காற்றில் நகர்ந்துகொண்டே போகும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை வருடாவருடம் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். படகு விபத்தில் இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு நீரில் மூழ்கி இறக்கிறார்கள், அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள். ஜாக்கெட் படகிலேயே இருந்தும் உடம்பில் இல்லாமல் போனவர்களும் அதில் உண்டு. தண்ணீருக்குள் விழுந்த பிறகு அதை மாட்டி வாரைக் கட்டுவது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை நின்றால் தலை தெரியும் ஆழத்தில் நீங்களே முயன்று பாருங்கள்.

வாங்கும்போது அதன்மேல் உள்ள நியூட்டன் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 12402 தரத்தில் 50, 100, 150, 275 என்று நான்கு நிலைகள். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் விசை. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது. மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பித் தராது. பிள்ளைகளுக்கு 100-க்குக் குறையாமல், கழுத்துப் பட்டையும் கவட்டு வாரும் உள்ளதாக, அவர்கள் எடைக்கு ஏற்றதாக வாங்குங்கள். வளர்ந்த பிறகும் போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிதாக வாங்கினால், விழும்போது ஜாக்கெட் மேலேயும் பிள்ளை கீழேயும் போய்விடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது.

மோட்டாரில் உள்ள கில் சுவிட்ச் கயிற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜின் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து, 26 அடிக்குக் குறைவான படகுகளில் இந்தச் சுவிட்ச் இருந்தால் அதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி கட்டாயம். உங்கள் படகில் கயிறு தொலைந்திருந்தால் முதல் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்யும் சோதனை. காற்றில்லாத ஒரு காலை, இடுப்பளவு ஆழம், மணல்தரை. மோட்டார், பேட்டரி, பெட்ரோல் டாங்க் மூன்றையும் கழற்றிவிட்டு, மோட்டார் இருந்த இடத்தில் அதே கனத்துக்கு மணல்மூட்டையைக் கட்டுங்கள். நீரில் மூழ்கும்போது மணலின் கனம் குறையும் என்பதால் அதற்கு ஏற்பக் கூடவே வையுங்கள். உதவிக்கு இரண்டு பெரியவர்கள், எல்லோரும் ஜாக்கெட்டோடு, பிள்ளைகள் கரையில். அடைப்பானைக் கழற்றி, படகு நிரம்பும்வரை யாரும் அதன் அருகில் போகாமல் தள்ளி நில்லுங்கள். நிரம்பியதும் அரைமணி நேரம் காத்திருங்கள். மட்டமாக நின்றால் ஒரு விளிம்பில் கை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதிர்த்து மேலே வருகிறதா, அப்படியே இறங்குகிறதா? அது தாங்கினால் ஒருவர் உள்ளே உட்காரட்டும், பிறகு இரண்டாமவர். பின்முனை தரையைத் தொட்டு, முன்முனை மட்டும் மேலே வந்தால் உங்களிடம் இருப்பது அடிப்படை மிதப்பு. புரண்டால் நுரை தவறான இடத்தில் இருக்கிறது. மூன்றில் எது நடந்தாலும், கரையில் நின்று அதைப் பார்த்தவர் விற்றவரின் வார்த்தையை நம்பி இருக்கத் தேவையில்லை.

அதுவரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். படகின் எடை, மோட்டாரின் எடை, உங்கள் நால்வரின் எடை, பெஞ்சுகளின் உள் அளவு, நுரைத் துண்டின் எடை இவற்றை இங்கே எழுதுங்கள். எவ்வளவு நுரை குறைகிறது, அதை எங்கே வைக்க வேண்டும் என்று கணக்கு போட்டுத் தருகிறேன்.